கை தானா போகும்

கொஞ்சம் நகந்துக்கிட்டீங்கன்னா புள்ளையை நடுவுல உக்கார வச்சிருவேன் அண்ணாச்சி. மூணு பேர் சீட்டுதான் இது. ஜன்னல் ஓரம் நீங்களே இருங்க, இவ வேடிக்கையெல்லாம் பாக்க மாட்டா. எங்க உக்கார வச்சாலும் முன்சீட்டுக் கம்பியைப் பாத்துக்கிட்டே வருவா. மதுரைக்குத்தான் போறோம், நரம்பு டாக்டர்கிட்ட. எனக்கு இல்லை, இவளுக்கு. கோமதி, மாமாவுக்கு வணக்கம் சொல்லு. சொல்ல மாட்டா, விடுங்க.

என்ன கோளாறுன்னு கேக்கீங்களா? அதை எப்படிச் சொல்ல. கண்ணுக்கு நேரா ஏதாவது வந்தா இமை தானா மூடுதுல்லா, சுடுற சட்டியைத் தொட்டா நாம சொல்லாமலே கை பின்னால வந்துருதுல்லா, அதுக்குப் பேரு ரிஃப்ளெக்ஸு. அது இவளுக்கு வேலை செய்யலை. பின்னால இருந்து கையைத் தட்டினா உங்களுக்கும் எனக்கும் தூக்கிப் போடும். இவளுக்குப் போடாது. போன வாரம் தோசைக்கல்லுல விரல் பட்டுட்டு. கை வந்துட்டு, அது சரி. ஆனா சத்தம் வரணும்லா? கண்ணுல தண்ணி வரணும்லா? விரலைப் பாத்தா, பாவாடையில தொடைச்சா, போயிட்டா. அவ அம்மா பாத்துட்டு வந்து சொன்னப்பதான் எனக்கே தெரியும்.

உள்ளூர்ல ஒரு டாக்டர்கிட்டக் காட்டினேன். சின்னச் சுத்தியலை வச்சு முட்டுக்குக் கீழ தட்டினாரு. கால் ஆடுது. ரெண்டு காலும் நல்லா ஆடுது. 'நரம்புல ஒண்ணும் இல்லை, புள்ளைகிட்ட நாலு வார்த்தை சிரிச்சுப் பேசுங்க'ங்காரு. இதைச் சொல்லதுக்கு எதுக்கு டாக்டருக்குப் படிக்கணும்? முட்டு ஆடினா போதுமா, முகம் ஆட வேண்டாமா? அதான் மதுரைக்கே போயிருவோம்னு கிளம்பிட்டேன்.

ஏன் இவ்வளவு மெனக்கெடுதேன்னு நெனைப்பீங்க. பொம்பளப் புள்ளைதானே, அமைதியா இருந்தா நல்லதுதானேன்னு எங்க மச்சானே சொல்லுதாரு. இவளைக் கோல்கீப்பர் ஆக்கணும் அண்ணாச்சி. ஹாக்கிக்கு. கண்ணு சிமிட்டாத புள்ளையை வச்சுக்கிட்டு கீப்பர் ஆக்க முடியுமா? மூத்தவ அப்படியா இருந்தா! ஒரு ஈ பறந்தாக்கூட உடம்பு அங்கன திரும்பிரும். மூத்தவ செண்பகவல்லி. அவ கதையைச் சொன்னாத்தான் இவ கதை உங்களுக்கு விளங்கும். மதுரை வர இன்னும் நேரம் கிடக்கு, கேளுங்க.

நமக்குக் கோவில்பட்டி. கண்ணாடிக் கடை. ஜன்னலுக்கு, பீரோவுக்கு, சாமி படத்துக்கு வெட்டிக் கொடுக்க தொழில். இந்தத் தொழிலுக்கு வந்தா முதல் பாடம் என்ன தெரியுமா? வெட்டுறது இல்லை. கண்ணாடி நழுவினா கையை நீட்டக்கூடாது. விழட்டும்னு விட்டுட்டு காலை மட்டும் பின்னால எடுக்கணும். சொல்லதுக்கு லேசா இருக்கும். ஒரு டம்ளர் மேசையில இருந்து விழுந்தா நீங்க என்ன பண்ணுவீங்க? கை தானா போயிரும். கண்ணாடிக்கு அப்படிப் போன கை அதோட போச்சு. என்கூட வேலை பழகின ஒருத்தனுக்கு இந்த ரெண்டு விரலும் இன்னைக்கும் மடங்காது. நான் பழகிட்டேன். ஆளுயரக் கண்ணாடி என்னைப் பாத்து சரிஞ்சு வரும், நான் கையைக் கட்டிக்கிட்டு நிப்பேன். எவ்வளவு பதட்டமா இருந்தாலும் சரி, எவ்வளவு கோவமா இருந்தாலும் சரி, என் கை என்னைக் கேக்காம ஒரு விரக்கடை நகராது. எங்க கடைத்தெருவுல யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க.

அப்படிப்பட்ட ஆளோட புள்ள அவ. எங்க ஊர்ல ஹாக்கி எப்படின்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். தெருவுக்குத் தெரு டீம் இருக்கும். புள்ளைங்க ஒடிஞ்ச மட்டைக்குக் கம்பி சுத்திக்கிட்டு ஆடிக்கிட்டுக் கிடக்கும். செண்பகம் ஏழாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்து அமலி டீச்சர், விளையாட்டு டீச்சர், வீட்டுக்கே வந்துட்டாங்க. 'உங்க மக மாதிரி வேகமா அசையுற புள்ளையை நான் பாத்தது இல்லை, கீப்பரா நிப்பாட்டப் போறேன்'னாங்க. 'எங்க இருந்து இவளுக்கு இவ்வளவு வேகம்?'னு வேற கேட்டாங்க. எனக்கு நெஞ்சு நிமிந்துட்டு. ஏன்னா அது நான் கொடுத்தது.

எப்படின்னு சொல்லுதேன். சொல்லாம வீசணும், அதான் சூட்சுமம். 'இந்தா போடுதேன், பிடி'ன்னு சொல்லிட்டுப் போட்டா எந்தக் கழுதையும் பிடிக்கும். சின்னதுல இருந்து எங்க வீட்டுல அப்படித்தான். குழம்புல உப்பு இல்லைன்னா தட்டு பறக்கும். கூப்பிட்ட குரலுக்கு ஏன்னு கேக்கலைன்னா செருப்பு பறக்கும். கோவத்துலதான் வீசினேன், இல்லைங்கலை. ஆனா பலனைப் பாருங்க. அவ குனிவா, விலகுவா, சமயத்துல ஒத்தைக் கையால பிடிச்சும் போடுவா. பிடிச்சுத் திரும்ப என் பக்கத்துலயே கொண்டாந்து வச்சிட்டு நிப்பா. ஒரு நாள் சுடுதண்ணிச் செம்பு போச்சு, அதுல இருந்தும் தப்பிச்சுட்டா. அவ அம்மாவுக்கு அந்த வேகம் கிடையாது. இந்திரா மந்தம். அவளுக்கு வலது காதும் கேக்காது, கல்யாணமான புதுசுலயே போயிட்டு. எப்படிப் போச்சோ. இப்பம் எதைச் சொன்னாலும் இடது காதைத் திருப்பிக்கிட்டு வந்து நிப்பா.

பெறவு பந்து வாங்கினேன். சாயங்காலம் கடையை அடைச்சிட்டு வந்ததும் வீட்டுக்குப் பின்னால இருக்க சந்துல அவளைச் செவுத்தோரம் நிப்பாட்டி மட்டையால அடிப்பேன். ஹாக்கி பந்து எப்படி இருக்கும்னு தெரியும்லா, கல்லுதான். அமலி டீச்சர் பள்ளிக்கூடத்துல கிடந்த பழைய கீப்பர் சாமான் எல்லாம் கொடுத்திருந்தாங்க. காலுக்குப் பேடு, கைக்குக் கனத்த கையுறை, முகத்துக்குக் கம்பி போட்ட ஹெல்மெட்டு. அந்த ஹெல்மெட்டு மேல அவளுக்கு இருந்த ஆசையைச் சொன்னா நம்ப மாட்டீங்க. தெருமுனையில என் வண்டிச் சத்தம் கேக்கணும், எடுத்து மாட்டிக்கிடுவா. அதோடயே உக்காந்து வீட்டுப்பாடம் எழுதுவா. அதோடயே எனக்குச் சோறு போடுவா. பக்கத்து வீட்டுக்காரங்க சிரிப்பாங்க, நான் சொல்லுவேன், சிரிங்க சிரிங்க, ஆட்டத்து மேல அவ்வளவு வெறி என் மகளுக்குன்னு. ஒரு நாள் நான் கொஞ்சம் கோவமா வந்தேன், ஒரு பீரோக் கண்ணாடி அளவு தப்பிப்போச்சு, அந்தக் கோவம். உள்ள வந்தா, செண்பகம் வெறுந்தலையோட நிக்கா. ஹெல்மெட்டை இந்தச் சின்னதுக்கு மாட்டிவிட்டிருக்கா. இவ அப்பம் ஒண்ணாவது. தலை உள்ள கிடந்து ஆடுது. தங்கச்சிக்கு இப்பவே பழக்குதாளேன்னு எனக்குச் சந்தோசம் தாங்கலை. கோவம் கூட கொஞ்சம் குறைஞ்சிட்டு, பாத்துக்கிடுங்க.

சாத்தூர் வந்துட்டு. வெள்ளரிக்காயா, எனக்கு வேண்டாம், நீங்க சாப்பிடுங்க. அவளுக்கா? நான் சொன்னாத்தான் வாங்குவா. வாங்கிக்கோ கோமு. பாத்தீங்களா, கையில வச்சுக்கிட்டே இருப்பா. தின்ன மாட்டா. தின்னுன்னும் நான் சொல்லணும்.

செண்பகம் பத்தாவது வந்த வருசம் விளையாட்டு ஹாஸ்டலுக்கு ஆள் எடுத்தாங்க. எடுத்துட்டாங்கன்னா தங்கிப் படிக்கலாம், ஆடலாம், எல்லாத்தையும் அவங்களே பாத்துக்கிடுவாங்க. அமலி டீச்சர் தலைகீழா நின்னு அவ பேரைச் சேத்தாங்க. செண்பகமும் அப்படித்தான். வீட்டுல வாயே திறக்காதவ அன்னைக்கு என்கிட்ட வந்து, 'அப்பா, நான் போகணும்பா'ன்னா. அது ஒண்ணுதான் அவ என்கிட்டக் கேட்டது. நான் சரின்னேன். பேப்பர்ல பேரு வந்தா அப்பன் பேரும் சேந்துதானே வரும்.

தேர்வு நடந்த இடத்துல முதல்ல டாக்டர் சோதனை. ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, ஆனா பேச்செல்லாம் நிதானம். புள்ளைங்களை ஒவ்வொண்ணா மேசையில உக்கார வச்சு முட்டுக்குக் கீழ தட்டினாங்க. நான் சும்மா இருக்க மாட்டேன்லா, இது எப்படி மேடம் தானா ஆடுதுன்னு கேட்டேன். நல்ல மாதிரியா விளக்கினாங்க. முட்டுல தட்டினதும் சேதி நரம்பு வழியா முதுகுத்தண்டுக்குள்ள இருக்க தண்டுவடத்துக்குப் போகுமாம். அங்கேயே உத்தரவு ஆகி காலுக்கு வந்துருமாம். மூளைக்குத் தகவல் போறது அதுக்குப் பெறவுதானாம். சுடுறதுல கை வச்சாலும் அப்படித்தான், கை வந்துட்டு பெறவுதான் 'சுட்டுட்டே'ன்னு நமக்குத் தெரியுமாம். நான் சொன்னேன், 'விளங்கிட்டு மேடம், ஃபைலு மெட்ராஸ் போகாம கிராம அதிகாரியே கையெழுத்துப் போட்டு விட்டுருதாரு'ன்னு. சிரிச்சிட்டாங்க. அந்த அம்மா அன்னைக்குச் சிரிச்சது அது ஒரு தடவைதான்.

பெறவு ஒவ்வொரு புள்ளைக்கும் பின்னால போய் நின்னு சட்டுனு கையைத் தட்டினாங்க. மத்த புள்ளைங்களுக்கு தோள் ஒரு குலுக்கு குலுக்கும், கண்ணு மூடித் திறக்கும், அவ்வளவுதான். செண்பகத்துக்குத் தட்டினதும் ரெண்டு கையும் தலைக்கு மேல போயிட்டு, முகத்தை முட்டுக்குள்ள புதைச்சிட்டா. எவ்வளவு வேகம்ங்கீங்க! இதுக்குத் தனியா மார்க்குப் போடுவாங்கன்னு நெனைச்சேன். அந்த அம்மா திரும்பவும் தட்டினாங்க. திரும்பவும் அதே மாதிரி. மூணாவது தடவை தட்டப் போனவங்க தட்டாம கையைக் கீழ போட்டுட்டாங்க. என்னைப் பாத்து, ரொம்ப மெதுவா, 'வீட்டுல யாரு அடிக்கிறது?'ன்னு கேட்டாங்க.

'நான்தான் மேடம்'னேன்.

அப்படியே பெருமையா நிமிந்து நின்னு சொன்னேன் அண்ணாச்சி. 'தினம் சாயங்காலம் அடிப்பேன் மேடம். கை ஓயுற வரைக்கும் அடிப்பேன். செவுத்தோரம் நிப்பாட்டிட்டு அடிச்சாத்தான் இவ பின்னால நகர மாட்டா. முதல்ல எல்லாம் அழுவா, இப்பம் ஒண்ணும் சொல்லதில்லை, எல்லாத்தையும் வாங்கிக்கிடுவா. சின்னவளுக்கும் இப்பவே லேசா ஆரம்பிச்சிருக்கேன்'னு. அமலி டீச்சர் தரையைப் பாக்காங்க. டாக்டரம்மா பேனாவை மேசையில வச்சிட்டாங்க. நான் பந்து அடிக்கதைச் சொன்னேன்! ஒரு ஹாக்கி ஆட வந்த புள்ளைகிட்ட, அடிக்கதுன்னா பந்து அடிக்கதுதானே? அவங்க என்னத்தைக் கேட்டாங்கன்னு அமலி டீச்சர் 'சார், டாக்டர் கேட்டது அது இல்லை'ன்னு சொன்ன பெறவுதான் எனக்கு உறைச்சுது.

எனக்குச் சிரிப்புதான் வந்துட்டு. 'அதைக் கேக்கீங்களா, அப்பன்னா ரெண்டு போடாம இருக்க முடியுமா மேடம், அது நாம நெனைச்சுட்டா போடுதோம்? கை தானா போயிரும். இப்பம் நீங்களே சொன்னீங்கள்லா, மூளைக்குத் தகவல் பெறவுதான் போகும்னு'ன்னேன். நான் சொன்னதுல என்ன தப்பு? அந்த அம்மா என்ன சொல்லிச்சுன்னா, 'சுடுறதுல இருந்து கையை எடுக்கிறதுக்கு உடம்புல அப்படி ஒரு குறுக்கு வழி இருக்குங்க. கண்ணை மூடுறதுக்கு இருக்கு, தலையைக் காப்பாத்திக்கிறதுக்கு இருக்கு. ஓங்கி அடிக்கிறதுக்கு எந்த மனுசனுக்கும் அப்படி ஒரு வழி கிடையாது. அது மூளையைக் கேட்டுட்டுத்தான் வரும்'னு. படிச்ச திமிரு. நம்ம உடம்பைப் பத்தி நமக்குத் தெரியாதா?

அப்பம் செண்பகம் வாயைத் திறந்தா. மேசையில இருந்து இறங்காமலே, என்னைப் பாக்காமலே சொல்லுதா, 'கண்ணாடி விழுந்தா உங்க கை போகாதுல்லப்பா.'

என்ன பேச்சு பாருங்க அது! அதுவும் நாலு பேர் மத்தியில. கண்ணாடி வேற, புள்ள வேற. கண்ணாடியில கை போனா நம்ம கையை வெட்டும். புள்ள வெட்டுமா? இதைத்தான் அங்கன சொன்னேன். டாக்டரம்மா பேனாவை எடுத்து என்னமோ எழுத ஆரம்பிச்சிட்டாங்க. எழுதிக்கிட்டாங்கன்னா நாம சொன்னது சரின்னுதானே அர்த்தம்.

விருதுநகரா இது? இன்னும் கொஞ்ச நேரந்தான்.

மறுநாள் ஆட்டம். அதுல எப்படி ஆடுதாளோ அதை வச்சுத்தான் முடிவு. என்னை வர வேண்டாம்னு அமலி டீச்சர் சொல்லிப் பாத்தாங்க. பெத்தவன் வராம யாரு வருவா? கோல் கம்பத்துக்குப் பக்கத்துல, கோட்டுக்கு வெளிய போய் நின்னுக்கிட்டேன். சும்மா சொல்லக்கூடாது, மக பிரமாதமா நின்னா. காலால தடுக்கா, கையால தடுக்கா, விழுந்து புரண்டு மட்டையால தட்டி விடுதா. ஹாஸ்டல்காரங்க ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுதாங்க. ஆட்டம் முடியப் போகுது. எதிர் டீம் புள்ள ஒருத்தி பந்தை எடுத்துக்கிட்டு இடது பக்கமா வாரா. இவ கவனிக்கலையோன்னு எனக்குப் பதட்டம். 'அந்தப் பக்கம் பாருட்டீ'ன்னு கையைத் தூக்கிக் காட்டினேன். அவ்வளவுதான் நான் செஞ்சது, கையைத் தூக்கினேன். அவ பந்தைப் பாக்கலை, என் கையைப் பாத்தா. மட்டையைப் போட்டுட்டு ரெண்டு கையாலயும் ஹெல்மெட்டைப் பிடிச்சுக்கிட்டு அப்படியே குந்திட்டா. பந்து ஒண்ணும் வேகமா வரலை அண்ணாச்சி. உருண்டு உருண்டு அவ பக்கத்துல போய் உள்ள விழுந்துது. மைதானமே பாக்குது, குந்தினவ எந்திரிக்கவே இல்லை.

எப்படி இருக்கும் எனக்கு? இத்தனை வருசம் சாயங்காலமும் தூக்கமும் கெட்டுப் பழக்கினது இதுக்கா? ஆட்டம் முடிஞ்சு தண்ணி டிரம்மு பக்கத்துல நிக்கா. ஹெல்மெட்டைக் கழட்டிக் கீழ வச்சிருக்கா, கையில மட்டை. நேரா போனேன். கை போயிட்டு. தானா. ஆனா கன்னத்துக்குப் போய்ச் சேரலை. நடுவுல மட்டை வந்துட்டு.

சடக்குன்னு கேட்டுது. எனக்கே கேட்டுது. இந்தா பாருங்க, இந்த மணிக்கட்டு, இன்னும் கோணல்தான். கீப்பருங்க பந்தை மறிக்கதுக்கு மட்டையைக் குறுக்க கொண்டாருவாங்கள்லா, அதே மாதிரி கொண்டாந்தா. நான் தரையில உக்காந்துட்டேன். அவ மட்டையைப் பாக்கா, என்னைப் பாக்கா, திரும்ப மட்டையைப் பாக்கா. 'நான் ஒண்ணும் பண்ணலை டீச்சர், நான் ஒண்ணும் பண்ணலை'ன்னு அதையே சொல்லிக்கிட்டு நிக்கா. டாக்டரம்மா ஓடி வந்து முதல்ல யாரைப் பாத்துச்சு தெரியுமா? அவளை. கை ஒடிஞ்சவன் இங்கன உக்காந்திருக்கேன். அவளைப் பிடிச்சுக்கிட்டு, 'நீ அடிக்கலைம்மா, தடுத்த. அது தானா வந்தது, உன் மேல தப்பு இல்லை'ங்குது.

எப்படி இருக்கு நியாயம்? நான் அடிச்சா அது மூளையைக் கேட்டு அடிச்சது. அவ அடிச்சா அது தானா வந்தது. பெத்த அப்பன் கைன்னு தெரியாதா ஒரு புள்ளைக்கு? ஒரு நொடி யோசிச்சிருக்கக் கூடாதா? யோசிக்காம கொள்ளாம ஒரு மனுசன் மேல இப்படிக் கையை வைக்கலாமா, நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி. அன்னைக்கு அங்கன கேட்டேன், இன்னைக்கு வரைக்கும் கேக்கேன், ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டேங்காங்க. நீங்களும் ஜன்னலையே பாக்கீங்க.

தோத்தவளை எடுக்க மாட்டாங்கன்னு நெனைச்சேன். எடுத்துட்டாங்க. டாக்டரம்மாவும் அமலி டீச்சரும் என்ன பேசினாங்களோ, அப்படியே கூட்டிட்டுப் போயிட்டாங்க. இந்திரா எனக்குத் தெரியாம துணிமணியைக் கட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கா. தீவாளிக்கு வரலை. பொங்கலுக்கு வரலை. நான் போனா ஹாஸ்டல் வாசல்லயே 'பாக்க விருப்பம் இல்லைன்னு சொல்லுது சார்'ங்காங்க. போன் பண்ணுவா, அவ அம்மாவுக்கு. கடைசியில இவகிட்டக் கொடுக்கச் சொல்லுவா. இவ போனைக் காதுல வச்சுக்கிட்டே இருப்பா, ஒரு 'ம்' கூட சொல்ல மாட்டா. அந்தப் பக்கம் அவ பேசுதாளா அழுதாளான்னும் தெரியாது. வச்ச பெறவும் இவ காதுல இருந்து எடுக்க மாட்டா.

அவ போன பெறவுதான் இவ இப்படி ஆனது. அது ஒரு ஆச்சரியம். முன்னெல்லாம் இவளும் துள்ளுவா, ஓடுவா, கத்துவா. இப்பம் கத்தலும் இல்லை, ஓட்டமும் இல்லை. கைக்குச் சரியா எலும்பு கூடலை, ஒரே இழுப்புல கண்ணாடியில வெட்டுக் கோடு போட முடியலை. தொழில் அடிபட்டுப் போச்சு. அந்தக் கடுப்புல வீட்டுக்கு வந்தா, நிக்கா இவ, நட்டு வச்ச கம்பு மாதிரி. இடது கைதான் இப்பம் எனக்கு. பரவாயில்லை, அதுவும் நல்லாவே பழகிட்டு. ஆனா இவ அசைய மாட்டா. குனிய மாட்டா, முகத்தைத் திருப்ப மாட்டா, கையைத் தூக்க மாட்டா. வாங்கிக்கிட்டு அப்படியே நிப்பா. அழுதாலாவது நிறுத்தலாம். எப்பம் நிறுத்தன்னு எனக்கே தெரிய மாட்டேங்குது. அதுக்குத்தான் டாக்டரைப் பாக்கப் போறேன். மூத்தவதான் கை விட்டுப் போயிட்டா, இவளையாவது சரி பண்ணி ஆளாக்கணும்.

என்ன கேட்டீங்க? பஸ்ஸு சத்தத்துல கேக்கலை. எட்டு. எட்டு வயசு முடிஞ்சிட்டு.

புள்ளைக்கு ஒண்ணும் இல்லைங்கீங்க. நீங்களும் அந்த டாக்டர் மாதிரியே பேசுதீங்களே. இவ்வளவு நேரம் பக்கத்துல உக்காந்திருக்கீங்க, ஒரு தடவையாவது உங்களைத் திரும்பிப் பாத்தாளா? அந்த வெள்ளரிக்காயைப் பாருங்க, தண்ணி விட்டுப் போச்சு, இன்னும் கையிலயே இருக்கு. நம்பலைன்னா இப்பவே காட்டுதேன். அடிக்க மாட்டேன், தொடக்கூட மாட்டேன். சொல்லாம முகத்துக்குக் கிட்டக் கொண்டு போறேன், இமை அசையுதான்னு மட்டும் நீங்க பாருங்க. இந்தா...

அண்ணாச்சி! என்னய்யா இது? கையை எதுக்குக் குறுக்க போடுதீங்க? தொட மாட்டேன்னுதானே சொன்னேன். எம் புள்ள முகத்துக்கு நேரா நீங்க ஏன் கையை வைக்கீங்க? கையை எடுங்க. எல்லாரும் திரும்பிப் பாக்காங்க. ஒண்ணும் இல்லை கண்டக்டர், சும்மா பேசிக்கிட்டு வாரோம். எதுக்கு இப்படி முறைக்கீங்க, உங்களை நான் என்ன பண்ணினேன்? நல்ல மனுசன்னு நெனைச்சு வீட்டு விசயத்தை எல்லாம் சொன்னேன் பாருங்க, என்னைச் சொல்லணும்.

ஏட்டி. ஏட்டி கோமு. அவரு சட்டையை ஏன் பிடிச்சிருக்க? விடு. அப்பா சொல்லுதேன்லா, விடுட்டி. அழுவாத. இப்பம் எதுக்கு அழுக? இவ்வளவு நாளா வராத அழுகை இப்பம் எங்க இருந்து வருது, பஸ்ஸுல எல்லாரும் பாக்கும்போது? அவரு யாருன்னு உனக்குத் தெரியுமா? மதுரை வந்துட்டா இறங்கி அவரு வழியில போயிருவாரு. நீ என்கூடத்தான் வரணும்.